கிளை ஆபீஸ் இணைப்பில் திறந்துகிடக்கும் ஐ.எஸ்.டி.

சென்னையில் தலைமை அலுவலகம், கோவையில் கிளை. இரண்டு இடத்து இபிஏபிஎக்ஸ்களையும் (அலுவலகத் தொலைபேசி இணைப்பகப் பெட்டிகள்) இன்டர்நெட் வழியாக இணைத்துவிட்டால், மூன்று இலக்கம் தட்டினால் கோவை கணக்காளர் எடுப்பார். இணைப்புப் போட வந்த சர்வீஸ் ஆள் ஒரு முறை அடித்துப் பார்த்து, மணி ஒலித்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கோவையிலிருந்து வரும் அழைப்பு சென்னைப் பெட்டியில் எதுவரை போகலாம் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆஸ்டெரிஸ்க், ஃப்ரீபிபிஎக்ஸ் ஆகிய இணைப்பக மென்பொருள்களை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கிளை ட்ரங்க்கை, அதாவது கிளையுடனான இணைப்பை, உள் எக்ஸ்டென்ஷன்களுக்கான 'ஃப்ரம்-இன்டர்னல்' பிரிவில் போட்டால் எல்லாம் உடனே வேலை செய்யும். அதனால்தான் அப்படிப் போடுகிறார்கள். ஆனால் அந்த வழியாக வரும் எவரும் சென்னை ஊழியரைப் போலவே வெளி லைன் எடுக்கலாம், ஐ.எஸ்.டி.யும் போடலாம். கோவையில் 201 என்ற எக்ஸ்டென்ஷனுக்குப் பாஸ்வேர்டும் 201 என்றிருந்தால் கதை முடிந்தது. உள்ளே புகுந்தவர்கள் பெரும்பாலும் அலுவலகம் பூட்டிய சனிக்கிழமை இரவில், வெளிநாட்டு பிரீமியம் எண்களுக்கு விடாமல் அடிப்பார்கள். அந்தக் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. பில் மட்டும் சென்னைக்கு வரும்.

கிளை ட்ரங்க்குக்குத் தனிப் பிரிவு போட்டு, எக்ஸ்டென்ஷன் எண்களை மட்டும் அனுமதிக்கச் சொல்லுங்கள். இன்டர்நெட் அழைப்புகள் வரும் 5060 போர்ட், மறு அலுவலகத்தின் ஐ.பி. முகவரிக்கு மட்டும் திறந்திருக்கட்டும். ஐ.எஸ்.டி. தேவையில்லை என்றால் தொலைபேசி நிறுவனத்திலேயே எழுதிக் கொடுத்து அடைத்துவிடுங்கள். பெட்டியில் யார் என்ன தவறு செய்தாலும் அந்தத் தடை நிற்கும். பிறகு கிளையிலிருந்து, சென்னை லைன் வழியாக உங்கள் மொபைலுக்கே அடித்துப் பாருங்கள். போகக் கூடாது.

ஊடுருவல் நடந்துவிட்டதா? முதலில் ட்ரங்க்கைத் துண்டியுங்கள். பெட்டியை அழித்து மறுபடி நிறுவிவிடாதீர்கள், அதிலுள்ள அழைப்புப் பதிவான லாக்தான் சாட்சி. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவுப்படி, ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்கும் தெரிவிக்க வேண்டும். லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஊடுருவியவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. பில்லை மறுத்துத் தொலைபேசி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அங்கேயே மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார். "அழைப்பு உங்கள் லைனிலிருந்துதானே போனது" என்ற பதில் வரும், தயாராக இருங்கள். நுகர்வோர் ஆணையம் தொலைபேசிப் புகார்களை விசாரிக்கலாம் என 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வணிகத்துக்காக வாங்கிய சேவை என்ற எதிர்வாதம் அங்கே எழும்.

ஆகவே சர்வீஸ் ஒப்பந்தத்திலேயே, எந்த ட்ரங்க்குக்கு எந்த அனுமதி என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு போடலாம்.