'ஓசி டிக்கெட்' என்று வீசி எறியாதீங்க... டவுன் பஸ்சை ஓட வைப்பதே அந்த துண்டு சீட்டு தான்!

டவுன் பஸ்சில் ஏறும் பெண்கள் பலர், "காசு தான் கிடையாதே... அப்புறம் டிக்கெட் எதுக்கு?" என்று கேட்பது உண்டு. சிலர் வாங்கிய வேகத்தில் ஜன்னல் வழியாக வீசி விடுகிறார்கள். கூட்ட நேரத்தில் கண்டக்டரும் "சரி, உள்ளே போம்மா" என்று விட்டு விடுவது நடக்கிறது.

ஆனால் அந்த துண்டு சீட்டுக்கு பின்னால் பல ஆயிரம் கோடி ரூபாய் கணக்கு இருக்கிறது. உங்கள் ஊருக்கு பஸ் தொடர்ந்து வருமா, வராதா என்பதும் அதில் அடங்கி இருக்கிறது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

பஸ் யாருக்கு சொந்தம்?

தமிழ்நாட்டில் 1972-ம் ஆண்டு பஸ் ரூட்டுகள் அரசுடைமை ஆக்கப்பட்டபோது பல்லவன், சேரன், பாண்டியன், சோழன் என்ற பெயர்களில் போக்குவரத்து கழகங்கள் உருவாயின. 1997-ல் அந்த பெயர்கள் நீக்கப்பட்டன. சென்னை மாநகர், விரைவு, விழுப்புரம், சேலம், கோவை, கும்பகோணம், மதுரை, நெல்லை என மொத்தம் 8 கழகங்கள்.

எல்லாம் அரசு பஸ் என்றாலும் ஒவ்வொரு கழகமும் தனி கம்பெனி. டிரைவர், கண்டக்டர் சம்பளம், டீசல், டயர், ஸ்பேர் பார்ட்ஸ் என்று எல்லாவற்றையும் அந்தந்த கழகம் தான் சமாளிக்க வேண்டும். டிக்கெட் வசூல் மட்டும் இதற்கு போதாது. 2018 ஜனவரியில் கட்டணம் உயர்ந்தது. அதன் பிறகு 7 ஆண்டுக்கு மேல் உயரவில்லை. ஆனால் டீசல் விலை எங்கேயோ போய் விட்டது.

துண்டு விழுவதை யார் கொடுப்பது?

அரசு தான். 2025-26 பட்ஜெட்டில் 3 வகையாக இந்த பணம் ஒதுக்கப்பட்டது. மகளிர் விடியல் பயணத்துக்கு ரூ.3,600 கோடி. மாணவர் பஸ் பாசுக்கு ரூ.1,782 கோடி. டீசல் மானியம் ரூ.1,857 கோடி. மூன்றையும் கூட்டினால் ரூ.7,239 கோடி. எல்லாம் மக்கள் கட்டும் வரிப்பணம்.

சாதா கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்பது 2021 மே 8-ந்தேதி அமலுக்கு வந்தது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநில திட்டக்குழு ஆய்வில் தெரிய வந்தது. வீட்டு வேலை, கட்டிட வேலை, ஜவுளிக்கடை வேலைக்கு போகிறவர்களுக்கு இது சின்ன தொகை அல்ல.

இங்கே தான் அந்த துண்டு சீட்டு வருகிறது. கண்டக்டர் டிக்கெட் கிழித்தால் தான் ஒரு ஆள் ஏறியதாக டெப்போவில் பதிவாகும். டெப்போ கணக்கு கழகத்துக்கு போகும். அதை காட்டித்தான் கழகம் அரசிடம் பணம் கேட்க முடியும். டிக்கெட் வாங்காமல் இறங்கினால், கணக்குப்படி நீங்கள் அந்த பஸ்சில் ஏறவே இல்லை.

50 பெண்கள் நின்று கொண்டு போன டிரிப், பேப்பரில் காலியாக போன டிரிப் ஆகி விடும். "இந்த ரூட்டில் கூட்டமே இல்லை" என்று நாளைக்கு ஒரு நடையை குறைத்தால், கேட்பதற்கு கையில் ஆதாரம் இருக்காது.

அதேபோல காசு கொடுத்த ஆண் பயணி கையில் மகளிர் டிக்கெட் வந்தால் உடனே கேட்க வேண்டும். அந்த காசு கழக கணக்கில் ஏறாது.

மினி பஸ்சில் ஏன் காசு?

மினி பஸ் தனியாருடையது. பெரிய பஸ் போகாத கிராமங்களுக்காக 1997-ல் இந்த திட்டம் வந்தது. 2025-ல் புதிய திட்டம் அமலானது. அதன்படி ஒரு ரூட் 25 கிலோ மீட்டர் வரை இருக்கலாம். அதில் 65 சதவீதமாவது வேறு பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும். மினி பஸ் ஓனருக்கு டிக்கெட் வசூல் தான் வருமானம். அதனால் தான் லாபம் இல்லாத ரூட்டை எடுக்க ஆள் வருவதில்லை.

ஷேர் ஆட்டோ கதை வேறு

ஆளுக்கு இவ்வளவு என்று வழியெல்லாம் ஏற்றி இறக்க, மோட்டார் வாகன சட்டப்படி 'ஸ்டேஜ் கேரேஜ்' பர்மிட் வேண்டும். ஆட்டோவுக்கு கிடைப்பதோ மொத்தமாக வாடகைக்கு போகும் 'கான்ட்ராக்ட் கேரேஜ்' பர்மிட். மானியம் கிடையாது, நேரக்கணக்கும் கிடையாது. கூட்டம் இருக்கும் ரோட்டில் ஓடும், இல்லாத ஊருக்கு வராது. ராத்திரி 9 மணிக்கு கடைசி பஸ்சை விட்டவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

என்ன செய்யலாம்?

பஸ் வரவில்லை, நிறுத்தத்தில் நிற்கவில்லை என்றால் தடம் எண், நேரம், தேதி குறித்து டெப்போ கிளை மேலாளரிடம் எழுதி கொடுக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். மனுவோடு ஒரு வாரம் சேர்த்து வைத்த டிக்கெட்டுகளையும் இணைத்து கொடுத்தால், நீங்கள் அந்த பஸ்சில் போனதற்கு அது ஆதாரமாக இருக்கும்.