பத்தடிக் கூடத்தில் சூழொலி

கோலார் தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் மாலை ஏழு மணிக்குத் தெருவில் நடந்தால், எந்த வீட்டில் எந்தத் தொடர் ஓடுகிறது என்பதை வாசலில் நின்றே சொல்லிவிடலாம். தொலைக்காட்சியின் ஒலியளவு அவ்வளவு உயர்ந்திருக்கும். சுரங்கத்தில் பாறை துளைக்கும் இயந்திரத்தோடு இருபது முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்ந்த பெரியவர்கள் எங்கள் ஊரில் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வசனம் எட்டவேண்டும் என்பதற்காகவே வீட்டார் ஒலியைக் கூட்டுகிறார்கள். கூட்டிய பிறகு சண்டைக் காட்சி வந்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்கிறது. குறைத்தால் பெரியவருக்கு ஒன்றும் புரிவதில்லை.

இச்சிக்கலைப் பெருமளவு தீர்க்கக்கூடிய ஒன்று நம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிவரை ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. டிஜிட்டல் ஒளிபரப்பில் சில அலைவரிசைகள் படத்துடன் சூழொலியையும் சேர்த்து அனுப்புகின்றன. கடைகளில் ‘சரவுண்ட் சவுண்ட்’ என்றும் ‘ஐந்து புள்ளி ஒன்று’ என்றும் சொல்லப்படுவது இதுவே. வீட்டை அதிரவைக்கும் ஆடம்பரம் என்றே நம்மில் பலர் இதை எண்ணியிருக்கிறோம். ஆனால் சிறிய வீட்டில் இதன் முதற்பயன், ஒலியைக் கூட்டாமலேயே வசனத்தைத் தெளிவாகக் கேட்பது. அதை எவ்வாறு பெறுவது, எதற்குப் பணம் செலவிடலாம், எதற்கு வேண்டியதில்லை என்பதை இங்குக் காண்போம்.

சுரங்கமும் செவியும்

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880-இல் இங்குப் பொறுப்பேற்றது முதல், 2001-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பணிகள் நின்றது வரை, வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக நிலத்தடியில் உழைத்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குச் சென்றது. காற்றழுத்தத்தால் இயங்கும் பாறைத் துளைப்பானின் ஒலி 100 டெசிபெலைத் தாண்டக்கூடியது. குறுகிய குகைப் பாதையில் அவ்வொலி சிதறி வெளியேறவும் வழியில்லை.

பல ஆண்டுகள் அத்தகைய ஒலியில் நின்றால் உட்செவியிலுள்ள மயிரிழை போன்ற நுண்செல்கள் அழிகின்றன. அவை மறுபடி முளைப்பதில்லை. இரைச்சலால் வரும் இவ்வகைக் கேள்திறன் இழப்பு, பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்ந்த அதிர்வெண் பகுதியில்தான் தொடங்குகிறது. மனிதப் பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்களில் வலுவாக இருக்கின்றன. ஒரு வல்லினத்தை மற்றொரு வல்லினத்திலிருந்து பிரித்துக்காட்டும் கூர்மையோ உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ஆகவே, பேச்சு நடக்கிறது என்பது பெரியவருக்குத் தெரியும். சொன்னது ‘பத்து’ என்பதா ‘பட்டு’ என்பதா என்பதுதான் தெரியாது. பின்னணி இசையும் சேர்ந்துவிட்டால் அந்தச் சிறு வேறுபாடும் மறைந்துபோகும். “கேட்கிறது, ஆனால் புரியவில்லை” என்று அவர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

ஐந்தும் ஒன்றும்

இரு ஒலிபெருக்கிகளைக் கொண்ட ஸ்டீரியோ முறையில் வசனம், இசை, மழை, இடி, கூட்டத்தின் ஆரவாரம் ஆகிய அனைத்தும் இரண்டே தடங்களில் கலந்துவிடுகின்றன. 5.1 முறையில் ஒலி ஆறு தடங்களாகப் பிரிந்து வருகிறது. முன்புறம் இடம், நடு, வலம் என மூன்று; கேட்பவரின் இரு பக்கங்களிலும் சற்றுப் பின்தள்ளி இரண்டு; இவையே அந்த ஐந்து. புள்ளிக்குப் பின்னுள்ள ஒன்று, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட அதிரொலிக்கான தனித்தடம். அதனை ஒலிப்பதே ‘சப்வூஃபர்’.

திரைப்படங்களில் வசனத்தின் பெரும்பகுதி நடுத்தடத்தில்தான் வைக்கப்படுகிறது. எனவே நடு ஒலிபெருக்கியை மட்டும் சிறிது கூட்டினால், இசையும் வெடியோசையும் இருந்த அளவிலேயே இருக்க, வசனம் முன்னே வந்து நிற்கும். ஸ்டீரியோவில் இது இயலாது. அங்கே ஒன்றைக் கூட்டினால் எல்லாம் கூடும்.

திரையரங்குகளில் டால்பி டிஜிட்டல் முறை 1992-இல் அறிமுகமாயிற்று. தமிழில் 1996-இல் வந்த ‘கருப்பு ரோஜா’ டி.டி.எஸ். ஒலியை நம் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தது. அக்காலத்தில் சூழொலியைக் கேட்கத் திரையரங்குக்கே போகவேண்டியிருந்தது. பின்னர் டி.டி.எச். சேவைகளும், கேபிள் இணைப்புகளை டிஜிட்டலாக்கிய சட்டமும் வந்தன. அச்சட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், எஞ்சிய நகரப் பகுதிகளுக்கு 2015 டிசம்பர் 31 இறுதி நாளாகக் குறிக்கப்பட்டது. இவ்வாறு, பல தடங்களில் ஒலியைச் சுமந்து வரக்கூடிய வழி வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. எங்கள் ஊரின் மண்ணைக் கதைக்களமாகக் கொண்டு 2024-இல் வெளியான ‘தங்கலான்’ போன்ற படங்களை, அவற்றுக்குரிய ஒலியுடன் கூடத்திலேயே கேட்கும் வாய்ப்பு இன்று நமக்கு உண்டு. எனினும் வாய்ப்பு இருந்தும் பல வீடுகளில் அது கிட்டுவதில்லை. ஒலி வரும் பாதையில் நான்கு வாயில்கள் உள்ளன. ஒன்று அடைபட்டாலும் ஆறு தடங்கள் இரண்டாகச் சுருங்கிவிடும்.

நான்கு வாயில்கள்

முதல் வாயில் அலைவரிசை. சாதாரணத் தரத்திலான எஸ்.டி. அலைவரிசைகள் பெரும்பாலும் ஸ்டீரியோவிலேயே வருகின்றன. எச்.டி. அலைவரிசைகளில் சில டால்பி டிஜிட்டல் அல்லது டால்பி டிஜிட்டல் பிளஸ் முறையில் ஒலியை அனுப்புகின்றன. ‘டால்பி’ என்ற முத்திரை மட்டும் ஆறு தடங்களுக்கு உறுதி ஆகாது. இரண்டே தடங்களை அம்முறையில் அனுப்பவும் இயலும். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சியும் இது வேறுபடும். திரைப்படத்துக்கு 5.1 இருந்தாலும், அடுத்து வரும் தொடர் ஸ்டீரியோவில் எடுக்கப்பட்டதாக இருக்கலாம்.

இரண்டாம் வாயில் செட்டாப் பாக்ஸ். பல பெட்டிகளில் ஒலி அமைப்பு, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ‘ஸ்டீரியோ’ அல்லது ‘பி.சி.எம்.’ என்று வைக்கப்பட்டிருக்கும். பட்டியலில் ஒலிப் பகுதிக்குச் சென்று அதனை ‘டால்பி டிஜிட்டல்’, ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘பாஸ்த்ரூ’ என்று மாற்றவேண்டும். செலவே இல்லாத இந்த மாற்றத்தைச் செய்யாமல், புதிய ஒலிபெருக்கி வாங்கியும் பயனில்லை. அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் தனி ஒலித் தேர்வு இருக்கும் பெட்டிகளும் உண்டு. அங்கும் டால்பித் தடத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

மூன்றாம் வாயில் கம்பி. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனைகளைக் கொண்ட பழைய ஏ.வி. கம்பி இரு தட ஒலியை மட்டுமே கொண்டுசெல்லும். சூழொலிக்கு எச்.டி.எம்.ஐ. கம்பியோ ஒளியிழைக் கம்பியோ வேண்டும். ஒளியிழைக் கம்பி டால்பி டிஜிட்டலைக் கடத்தும். டால்பி டிஜிட்டல் பிளஸுக்கு அது பொதுவாக உதவாது. அந்நிலையில் செட்டாப் பாக்ஸிலேயே ‘டால்பி டிஜிட்டல்’ என்று மாற்றி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

நான்காம் வாயில் தொலைக்காட்சி. 2009-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 முறையில் ‘ஏ.ஆர்.சி.’ என்னும் வசதி சேர்க்கப்பட்டது. தொலைக்காட்சிக்குள் வந்த ஒலியை அதே வகைக் கம்பி வழியாகச் சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்ப இது உதவுகிறது. தொலைக்காட்சியின் பின்புறத்தில் ‘ஏ.ஆர்.சி.’ என்று குறிக்கப்பட்ட துளையில்தான் கம்பியைச் செருகவேண்டும். பிறகு தொலைக்காட்சியின் ஒலி வெளியீட்டையும் ‘பாஸ்த்ரூ’ அல்லது ‘ஆட்டோ’ என்று வைக்கவேண்டும். வெளியிலிருந்து வரும் சூழொலியை இரு தடங்களாகச் சுருக்கி அனுப்பும் தொலைக்காட்சிகளும் உள்ளன. அப்படிப்பட்ட இடத்தில் செட்டாப் பாக்ஸை நேரடியாக ஒலிக்கருவியில் இணைத்து, அங்கிருந்து படத்தைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுசெல்வதே வழி.

நான்கும் திறந்தனவா என்பதை ஒலிக்கருவியின் முகப்பே காட்டிவிடும். ஒரு எச்.டி. அலைவரிசையில் திரைப்படம் ஓடும்போது ‘டால்பி டிஜிட்டல்’ என்றோ 5.1 என்றோ அடையாளம் தோன்றவேண்டும். ‘பி.சி.எம். 2.0’ என்று தோன்றினால் எங்கோ ஒரு வாயில் அடைபட்டிருக்கிறது. முதலிலிருந்து வரிசையாகச் சரிபார்க்கவேண்டும்.

சிறிய கூடம், பொதுச் சுவர்

எங்கள் பகுதியில் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட ‘லைன்’ வீடுகளில் கூடம் ஏறத்தாழப் பத்தடிக்குப் பத்தடிதான். ஒரு சுவர் இரு வீடுகளுக்குப் பொது. இத்தகைய கூடத்திலும் சூழொலியை அமைக்கலாம். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, கேட்பவரின் நேர்முன்னே நடு ஒலிபெருக்கியும், அதிலிருந்து இருபுறமும் 30 பாகையில் இட, வல ஒலிபெருக்கிகளும், 100 முதல் 120 பாகைக்குள் பக்க ஒலிபெருக்கிகளும் அமையவேண்டும். நாற்காலியைப் பின்சுவரிலிருந்து ஓரடி முன்னே தள்ளி, பக்க ஒலிபெருக்கிகளைக் காதுக்குச் சற்று மேலே சுவரில் மாட்டினால் இது கைகூடும். நடு ஒலிபெருக்கி தொலைக்காட்சிக்கு நேர் கீழே, பெரியவரின் முகத்தை நோக்கியபடி இருக்கட்டும்.

கவனம் வேண்டியது சப்வூஃபரில்தான். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். கூடத்தைவிட இரு மடங்குக்கும் அதிகம். செங்கற்சுவர் அதனை நன்றாகத் தடுப்பதில்லை. ‘ராக் பர்ஸ்ட்’ நேரங்களில் காலடி நிலம் அதிர்ந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, பக்கத்து வீட்டின் அதிரொலி இனிமையாக இருக்க வாய்ப்பில்லை. சப்வூஃபரைப் பொதுச் சுவரிலிருந்து விலக்கி, தடித்த ரப்பர் விரிப்பின்மேல் வைத்து, அளவையும் குறைத்துவிடலாம். குறைத்தாலும் வசனத்துக்கு யாதொரு குறையும் நேராது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்று வரம்பிட்டுள்ளன என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

அமைத்து முடித்தபின் செய்யவேண்டியவை மூன்று. ஒலிக்கருவியின் பட்டியலில் ‘சென்டர்’ என்றுள்ள அளவை இரண்டு அல்லது மூன்று டெசிபெல் கூட்டவேண்டும். இரவில் ‘நைட் மோட்’ என்பதை இயக்கவேண்டும். உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லிய ஒலியை உயர்த்த வேண்டிய குறிப்புகள் டால்பி ஒலியோட்டத்திலேயே அடங்கியிருக்கின்றன. தொடர்களும் செய்திகளும் ஸ்டீரியோவில் வரும்போது ‘புரோ லாஜிக்’ அல்லது ‘டால்பி சரவுண்ட்’ முறையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இரு தடங்களிலும் ஒரே மாதிரியாக இருக்கும் ஒலி பெரும்பாலும் பேச்சாகவே இருப்பதால், இம்முறை அதனைப் பிரித்து நடு ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிடுகிறது. தொடர் பார்க்கும் வீடுகளுக்கு இதனால் வரும் பயன் பெரிது.

பணம் செலுத்தும் முன்

கருவி வாங்குவதற்கு முன், வீட்டுப் பெரியவரைச் செவிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதே முதற்செலவாக இருக்கட்டும். செவிக்கருவி தேவைப்படுபவருக்கு எந்த ஒலிபெருக்கியும் அதற்கு ஈடாகாது. செவிக்கருவி அணிந்தவருக்கும் தெளிவான நடுத்தடம் துணை செய்யும்.

அடுத்து, இருக்கும் செட்டாப் பாக்ஸின் அமைப்பைச் சரிபார்த்து, நாம் அன்றாடம் பார்க்கும் அலைவரிசைகளுள் எவை 5.1 தருகின்றன என்று குறித்துக்கொள்ளவேண்டும். ஒன்றிரண்டே என்றால் ஐந்து ஒலிபெருக்கிகளுக்குப் பணம் கொட்டத் தேவையில்லை. தனி நடுத்தடம் கொண்ட 3.1 சவுண்ட்பார் பத்தடிக் கூடத்துக்குப் போதும். 2.1 என்று விற்கப்படுவனவற்றில் நடு ஒலிபெருக்கி கிடையாது என்பதைக் கவனிக்கவேண்டும். வாட்ஸ் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குவது சிறிய கூடத்தில் பொருளற்றது.

தவணையில் வாங்குவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வட்டியை மறைத்துச் ‘சுழிய வட்டி’ என்று காட்டும் திட்டங்கள் கூடாதென இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. ‘கூடுதல் செலவில்லாத் தவணை’ எனப்படுவதில், ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியே வட்டிக்கு ஈடு செய்யப்பட்டிருக்கலாம். கடன் அட்டைத் தவணையின் வட்டிப் பகுதிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு; செயலாக்கக் கட்டணமும் சேரக்கூடும். ஆகவே ரொக்க விலையையும், தவணையின் மொத்தத் தொகையையும் ஒரே தாளில் எழுதித் தரும்படி கடைக்காரரைக் கேட்பது நம் உரிமை. அவசரமில்லாதவர்கள் மாதம் 1,500 ரூபாய் வீதம் பத்து மாதத் தொடர் வைப்பில் போட்டால், 15,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் கையில் இருக்கும். விலையைப் பேசி வாங்கும் வலிமையும் கூடும்.

எங்கள் ஊரிலிருந்து நாள்தோறும் பலர் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். கருவியையும் அங்கேயே பார்த்து வாங்குகிறார்கள். கடையின் பெரிய கூடத்தில் போர்க்காட்சியைப் போட்டுக் காட்டினால் எந்தக் கருவியும் நன்றாகத்தான் ஒலிக்கும். மழை பெய்துகொண்டிருக்க இருவர் தாழ்ந்த குரலில் பேசும் காட்சி ஒன்றைப் போடச் சொல்லவேண்டும். விடுமுறை நாளில் வீட்டுப் பெரியவரையும் உடன் அழைத்துச் சென்று, திரையைப் பாராமல் கேட்கச் செய்து, என்ன பேசினார்கள் என்று அவரையே கேட்கவேண்டும். அவர் தடுமாறாமல் திருப்பிச் சொல்லும் கருவி எதுவோ, அதற்கு மட்டும் பணத்தை எண்ணிக் கொடுக்கலாம்.