உங்களுக்குத் தெரியுமா? இரும்பில் வார்த்த வேதாகமம்
18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள், குளிர்காயும் அடுப்பிலேயே வேதாகமக் கதைகளை வடித்தார்கள். ஐந்து வார்ப்பிரும்புப் பலகைகளை இணைத்த பெட்டி அது. பெட்டியின் திறந்த பின்பக்கம் சுவரிலுள்ள திறப்போடு பொருந்தும். அதன் வழியே அடுத்த அறையிலிருந்து நெருப்பு மூட்டுவதால் அடுப்பு இருக்கும் அறைக்குச் சூடு மட்டுமே வரும், புகை வராது. மரத்தில் செதுக்கிய உருவை ஈர மணலில் அழுத்தி, அந்தப் பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். பலகையின் முன்பக்கத்தில் ஆதாம் ஏவாள், தம்பியைக் கொல்லும் காயீன், டியூலிப் பூக்கள், ஜெர்மன் எழுத்துகள், வார்த்த ஆண்டு. பலகையின் பின்பக்கம் வெறும் சொரசொரப்பு. அடுப்புக்கா இவ்வளவு வேலைப்பாடு என்று வியக்கத்தான் தோன்றுகிறது! இந்தப் பலகைகளைத் தேடித் திரட்டிய ஹென்றி மெர்சர், 1914இல் ‘தி பைபிள் இன் அயர்ன்’ என்ற நூலையே எழுதினார்.