கடைசி வரிசைக்கும் அதே பாட்டு

பெரிய கச்சேரிகளில் மேடையின் இரு ஓரங்களிலும் யானைத் துதிக்கை போல, மேலே நேராகவும் கீழே உள்வளைந்தும் தொங்கும் ஸ்பீக்கர் அடுக்குக்கு 'லைன் அர்ரே' என்று பெயர். 1990-களின் தொடக்கத்தில் பிரான்சின் எல்-அக்கூஸ்டிக்ஸ் நிறுவனர் கிறிஸ்டியன் ஹெய்ல் கொண்டுவந்த வி-டாஸ்க் இன்றைய அர்ரேக்களுக்கு முன்னோடி. ஹெய்ல் அடிப்படையில் இயற்பியலாளர்.

தனி ஸ்பீக்கரின் ஒலி, தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறையும். பின்வரிசைக்குக் கேட்கும்படி கூட்டினால் முன்வரிசையின் காது வலிக்கும். இடைவெளியின்றி வரிசையாகத் தொங்கவிட்டால் பெட்டிகளின் அலைகள் ஒன்றாகச் சேர்கின்றன. குறிப்பிட்ட தொலைவுவரை இழப்பு 3 டெசிபெல்தான். அலை சிறிதானால் இந்தச் சேர்க்கை கடினம். 10,000 ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 3.4 சென்டிமீட்டர். அதனால்தான் ட்வீட்டரின் ஒலியைத் தட்டையான பட்டையாக்கி வெளிவிடும் குழல் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருக்கிறது.

இனி எல்லாம் கோணம். மேல் பெட்டிகளுக்கிடையே 0 அல்லது 1 டிகிரி. பல பெட்டிகளின் வலு ஒரே தூரத்து வரிசைகளில் குவியும். கீழே வர வர 5, 8, 10 என்று விரியும். அருகிலிருப்பவர்களுக்கு ஓரிரு பெட்டியே போதும். லேசர் கருவியால் மைதானத்தின் நீளம், சரிவு, பால்கனியை அளந்து, கணினியில் கணித்து, பெட்டிகளுக்கிடையே கோணத்தைப் பூட்டும் பின்களைச் செருகிவிட்டு மோட்டாரில் ஏற்றுகிறார்கள். ஏற்றியபின் மேல் பெட்டியின் சாய்வை மீண்டும் சரிபார்த்தே ஆகவேண்டும். காது மட்டத்துக்கு மேல் 8 மீட்டர் உயரத்திலிருந்து, 40 மீட்டர் தள்ளியிருக்கும் கடைசி வரிசைக்குக் குறிவைத்திருக்கும்போது, ஒரு டிகிரி நிமிர்ந்தாலே குறி 4 மீட்டர் தாண்டிவிடும். ஒலி பின்சுவரில் மோதி எதிரொலியாகத் திரும்பும்.

இந்தப் பிழையை ஈக்வலைசரால் சரிசெய்ய முடியாது. பின்னால் மந்தமாகக் கேட்கிறதென்று மொத்த அர்ரேக்கும் ட்ரெபிளை ஏற்றினால் முன்னால் கீச்சிடும். கீழ்ப்பெட்டிகளின் ஒலியளவை மட்டும் குறைப்பதும் நல்ல வழியல்ல. அடுக்கு முழுவதும் சேர்ந்து தாங்கும் கீழ்ச்சுருதிகளின் கட்டு குலைந்துபோகும். காற்று விழுங்கும் மேல்சுருதியைத் தூரத்துப் பெட்டிகளுக்கு மட்டும் சற்று ஏற்றலாம். மேடைக்கு நேர்முன்னே அர்ரே எட்டாத இடத்துக்கு மேடை விளிம்பில் சிறு ஸ்பீக்கர்கள் வைக்கலாம்.

விழா அமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாற்காலி போடும் முன்பே சவுண்ட் சர்வீஸ்காரர்களை மைதானத்துக்கு வரவழையுங்கள். அளக்கவும் கோணம் திருத்தவும் நேரம் கொடுங்கள்.