முத்திரை ஓசியும் பஸ் ஓசியும்

டீக்கடை பெஞ்சில் தந்தியைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் படித்த காலம் அது. காசு கொடுத்து வாங்கியவர் கடைக்காரர். மற்ற எல்லோருக்கும் ஓசிப் பேப்பர். சினிமா பக்கம் கைக்கு வரும்வரை வரிவிளம்பரத்தை இரண்டாம் முறை படித்துக்கொண்டு காத்திருப்பார் ஒருவர். ஓசி பீடி, ஓசி சவாரி, ஓசிச் சோறு என்று அந்தச் சொல்லுக்கு ஓயாத வேலை. ‘ஓசியில கெடைச்சா பினாயிலையும் குடிப்பான்’ என்பார்கள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் சுருக்கென்று தைக்கும்.

அந்தச் சொல் வந்த வழியாக ஊரில் சொல்லப்படும் கதை இது: கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவல் கடிதங்களில் ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’ என்று குறித்திருக்கும், அவற்றுக்குத் தபால் கூலி கிடையாது. அதன் முதலெழுத்துகள்தாம் ஓசி ஆயின. அப்படிப் பார்த்தால் ஜில்லாவின் முதல் ஓசிக்காரர் கலெக்டர் துரைதான்! 1858-ல் கம்பெனி ஆட்சி போனது, சொல் போகவில்லை. ஆனால் துரையின் உறையில் இருந்த முத்திரை, இல்லாதவன் முதுகில் வந்து விழுந்தது.

அரசாங்கம் இந்தச் சொல்லின் பக்கமே போவதில்லை. 2006-ல் தி.மு.க. அறிவித்தது இலவச வண்ணத் தொலைக்காட்சி. 2011-ல் ஜெயலலிதா வந்ததும் ‘இலவசம்’கூட உறுத்தியது போலும், மிக்ஸி, கிரைண்டர், மடிக்கணினி, ஆடு எல்லாம் ‘விலையில்லா’ ஆயின. 2023-ல் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதன் பெயர் ‘உரிமைத் தொகை’. என்னைக் கேட்டால் மூன்றில் இதுவே நேர்மையான பெயர்.

2016 செப்டம்பரில் ஜியோ சிம்முக்குக் கடைவாசலில் வரிசை நின்றது. மாதக்கணக்கில் காசில்லாமல் நெட் ஓடியது. அதற்கு ‘ஆஃபர்’ என்று பெயர். விமான நிலைய லவுஞ்சில் கார்டில் இரண்டு ரூபாய் தேய்த்துவிட்டு இட்லி, வடை, காபி என்று ஒரு கட்டு கட்டுகிறவரையும் யாரும் ஓசி என்று சொல்வதில்லை. அவர் சாப்பிடுவது ‘சலுகை’.

டவுன் பஸ் கதை வேறு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கண்டக்டர் டிக்கெட் கிழித்துத்தான் தருகிறார்; விலை மட்டும் பூஜ்யம். 2022 செப்டம்பரில் அமைச்சர் பொன்முடி மேடையில் இதை ‘ஓசி’ என்று சொல்லிவைக்க, பெரிய அமளியானது. பணம் வாங்கிக்கொண்டால்தான் ஆச்சு என்று கோவையில் ஒரு பாட்டி கண்டக்டரிடம் மல்லுக்கு நின்ற காணொளி பரவியது. கட்சிக்காரர்கள் செய்த ஏற்பாடு என்று அதற்கும் ஒரு சண்டை.

மேடையில் இப்போது எல்லோரும் நாக்கை அடக்கிக்கொள்கிறார்கள். பஸ்ஸுக்குள் அப்படியில்லை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு ஏறும் அக்கா, கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னால் போதும். “ஓசி டிக்கெட்டுக்கு சீட்டு வேற கேக்குதாக்கும்!”