சுமை மிகும்போது நின்று எழும் இணையப் பெட்டி

குடவோலை முறையின் விதிகளைக் கல்லில் பொறித்து வைத்த ஊர் உத்திரமேரூர். இன்று அவ்வட்டாரத்திலும் ஊராட்சி அலுவல்கள் பல இணையத்தை நாடி நிற்கின்றன. பாரத்நெட் திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் பணி டான்ஃபிநெட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இணைப்பு வாயில்வரை வந்தபின், அதனைக் கணிப்பொறிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் பகிர்ந்தளிப்பது ரூட்டர் என்னும் சிறு பெட்டியாகும்.

பயிர்க் காப்பீட்டின் இறுதி நாளன்று மக்கள் திரண்டிருக்கும் வேளையில் இப்பெட்டி தானே நின்று மீண்டும் எழுவதுண்டு. பாதி நிரப்பிய விண்ணப்பம் அழிகிறது. தவணை தவறினால் உழவர் அப்பருவத்துக் காப்பையே இழக்க நேரும். பெட்டி கெட்டதென்று புதியது வாங்குமுன் காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

முதலில் விளக்குகளைக் கவனிக்க. எல்லா விளக்குகளும் அணைந்து மீண்டும் எரிந்தால் பெட்டி நின்று எழுந்தது எனக் கொள்ளலாம். இழைக்குரிய விளக்கு மட்டும் சிவந்தால் குற்றம் இழையினிடத்தது.

காரணங்கள் பெரும்பாலும் மூன்று. முதலாவது மின்சாரம். பம்புசெட்டுகள் ஒருங்கே ஓடும்போது கடைக்கோடி வீட்டு விளக்கு மங்குவதை நாம் அறிவோம். அவ்வாறே, பலர் இணைந்தவுடன் பெட்டி மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கிறது. பழைய அடாப்டர் ஈடுகொடாமல் மின்னழுத்தம் தாழ, பெட்டி நின்றுவிடுகிறது. அதே வோல்ட் அளவும், குறையாத ஆம்பியர் அளவும் கொண்ட நல்ல அடாப்டரை மாற்றிப் பார்க்க.

இரண்டாவது வெப்பம். தகரக் கூரையின் கீழ், பீரோவின் மேல், தூசி மூடிக் கிடக்கும் பெட்டி உழைக்குந்தோறும் சூடேறும். அதனைத் துடைத்துக் காற்றோட்டமான இடத்தில் வைக்க.

மூன்றாவது மென்பொருள். நினைவகம் நிரம்பி வேலை முடங்கினால், உள்ளிருக்கும் காவல் கடிகாரம் பெட்டியைத் தானே மறுபடி தொடங்கச் செய்யும். 1997-ஆம் ஆண்டு செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலமும் வேலைப் பளுவிடையே இவ்வாறு மீண்டும் மீண்டும் நின்று எழுந்தது. பொறியியலார் பூமியிலிருந்த அதன் இணைக் கருவியை அதே பளுவில் இயக்கிக் குற்றத்தைக் கண்டு, திருத்தத்தை இங்கிருந்தே அனுப்பினர். நாமும் பெட்டியைத் தயாரித்தவர் வெளியிட்ட புதிய மென்பொருளை ஏற்றுவித்தல் நலம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. இரண்டை மாற்றினால் எது தீர்த்தது என்பது தெரியாது. பெட்டியின் குறிப்புகள் அது நின்று எழும்போது பெரும்பாலும் அழிந்துவிடும். ஆதலின் அவற்றை அலுவலகக் கணிப்பொறிக்கு அனுப்புமாறு அமைக்கச் சொல்லுக. நின்ற நேரம், இணைந்திருந்தோர் தொகை, அன்றைய வெப்பம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வருக. பழுது பார்ப்பவர் வரும்போது அந்நோட்டே பாதி வேலையை முடித்திருக்கும். ஊராட்சியின் பணமும் உழவரின் நாளும் மிஞ்சும்.