நகத்து அளவு கேமரா

செல்போனின் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடி வட்டம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த முறை எழுதியிருக்கிறேன்.

கல்யாண வீட்டுக்குப் போட்டோ எடுக்க வருகிற அண்ணன் கழுத்தில் மாட்டியிருக்கும் கேமரா என்ன கனம்! செல்போன் கேமராவோ சுண்டுவிரல் நகத்து அளவுதான். லென்ஸைச் சின்னதாக்கிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பாதி பதில். மீதிப் பாதி கரண்ட் சம்பந்தப்பட்டது.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மேலே ஐந்தாறு குட்டி பிளாஸ்டிக் லென்ஸ், இட்லித் தட்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று. லென்ஸைச் சுற்றிக் கம்பிச் சுருளும் காந்தமும். சுருளில் கரண்ட் போனால் லென்ஸ் முடியளவு மேலே கீழே நகரும். ஃபோகஸ் என்பது அதுதான். (மின்காந்தப் பாடம் எதுக்குன்னு கேட்டவங்க கவனிக்கவும்.) எல்லாவற்றுக்கும் அடியில் சென்சார் என்னும் கறுப்புச் சதுரம். அதில் கோடிக்கணக்கான கட்டங்கள். ஒரு கட்டத்தின் அகலம் சுமார் ஒரு மைக்ரான். நம்ம தலைமுடி ஒன்றின் குறுக்கே ஐம்பது கட்டங்களை வரிசையாக வைக்கலாம். வெளிச்சம் கட்டத்தில் விழுந்தால் அங்கே கொஞ்சம் மின்சாரம் சேரும். நிறைய வெளிச்சம், நிறைய மின்சாரம். அதை எண்ணிப் பார்த்தால் படம் வந்துவிடும்.

எண்ணுவதில்தான் சிக்கலே. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் சி.சி.டி. என்ற சென்சாருக்கு வழி கண்டுபிடித்தார்கள். 2009-ல் இதற்காக நோபல் பரிசும் கிடைத்தது. அது எப்படி வேலை செய்யும் என்றால், வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து நோட்டுகளைக் கை மாற்றிக் கை மாற்றி டீச்சர் மேசைக்கு அனுப்புவோமே, அப்படி. ஒவ்வொரு கட்டத்து மின்சாரமும் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்து நகர்ந்து கடைசியில் ஓர் இடத்தில் எண்ணப்படும். படம் ரொம்ப சுத்தமாக இருக்கும். ஆனால் அத்தனையையும் தள்ளிவிட நிறைய கரண்ட் வேண்டும், கூடவே வேறு சில சிப்புகளும் வேண்டும்.

1990-களில் நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகத்தில் எரிக் ஃபோசம் என்ற விஞ்ஞானி விண்கலத்துக்காகச் சின்ன கேமரா செய்ய முயன்றார். விண்வெளியில் கரண்டும் சிக்கனம், எடையும் சிக்கனம். அவருடைய குழு ஒவ்வொரு கட்டத்துக்குள்ளேயே ஒரு குட்டிப் பெருக்கியை வைத்தது. நோட்டு எங்கேயும் நகர வேண்டாம், அவரவர் இடத்திலேயே மார்க்கைச் சொல்லிவிடலாம். இதுதான் சீமாஸ் சென்சார். கரண்ட் பல மடங்கு குறைந்தது. எண்ணுகிற வேலை, கணக்குப் போடுகிற வேலை எல்லாம் ஒரே சிப்புக்குள் வந்துவிட்டது. சாதாரண கம்ப்யூட்டர் சிப்பு செய்கிற தொழிற்சாலையிலேயே இதையும் செய்யலாம் என்பதால் விலையும் இறங்கியது. 2000-ல் ஜப்பானில் ஷார்ப் கம்பெனி விற்ற கேமரா போனில் 1,10,000 கட்டங்கள்தான். இன்று சாதாரண போனிலேயே 5 கோடி.

இப்போதும் கரண்ட் பிரச்சினை தீர்ந்துபோகவில்லை. கேமராவைப் பத்து நிமிடம் திறந்தே வைத்தால் போன் சுடும், பார்த்திருப்பீர்கள். அதனால் நாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாக் கட்டத்தையும் படிக்காமல் கொஞ்சம் விட்டு விட்டுப் படிக்கிறார்கள். பட்டனை அமுக்கும்போதுதான் முழுசாகப் படிப்பார்கள். இன்னொரு கஷ்டம், கட்டம் சின்னதாக ஆக அதில் விழுகிற வெளிச்சமும் குறையும், இருட்டில் படம் புள்ளி புள்ளியாக வரும். நிறைய கட்டம் இருந்தால் நல்ல கேமரா என்று கடைக்காரர் சொல்வதை நான் முழுசாக நம்புவதில்லை.

இதெல்லாம் செல்ஃபிக்குத்தானா என்று கேட்பீர்கள். எங்க ஆயாவுக்குச் சுகர் இருக்கிறது. அம்மா ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறாங்க. கறுப்புத் தோலில் கறுப்பு நூல் ஓட்ட வேண்டும். கண் மங்கினால் அந்த வேலை இல்லை. நம்ம ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் பாதி வீட்டில் இதே கதைதான். சுகர் ரொம்ப நாள் இருந்தால் கண்ணின் பின்பக்கத்தில் இருக்கிற விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெடும், கசியும். ஆரம்பத்தில் வலியும் இருக்காது, பார்வையும் குறையாது. தெரிய வரும்போது ரொம்பத் தாமதமாகிவிடும்.

விழித்திரையைப் படம் எடுக்கும் பழைய கேமரா மேசை போலப் பெரிசு, விலையும் பல லட்சம். பெங்களூரு ரெமிடியோ நிறுவனம் செல்போன் கேமராவோடு லென்ஸும் சின்ன எல்.இ.டி. விளக்கும் சேர்த்து, பேட்டரியிலேயே ஓடுகிற கருவி செய்தது. இது சுலபமில்லை. கண்பாவை என்கிற ஒரே சின்ன வாசல் வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பியும் வர வேண்டும், விழியின் முன்பக்கப் பளபளப்பு படத்தில் விழவும் கூடாது.

சென்னையில் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் மருத்துவர்கள் 301 சுகர் நோயாளிகளுக்கு, கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இந்தக் கருவியில் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரிடமும் கண் டாக்டர்களிடமும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். முடிவு 2018-ல் வெளிவந்தது. விழித்திரை கெட்டிருந்தவர்களில் 100-க்குச் சுமார் 96 பேரைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது. நன்றாக இருந்தவர்களில் 100-க்கு 20 பேரையும் 'சந்தேகம்' என்றது. அந்த 20 பேர் சும்மா ஒருமுறை டாக்டரிடம் போய் வருவார்கள், பரவாயில்லை. ஆனால் விட்டுப்போன 4 பேரை நினைத்தால்தான் கவலை. அதனால் டாக்டர் வேண்டாம் என்று ஆகிவிடாது.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கண்ணைக் காட்ட மட்டும் ஆயா பஸ் ஏறணும், கூடப் போக அம்மா ஒருநாள் சம்பளத்தை விடணும். கரண்ட் குறைவாகக் குடிக்கிற கேமராவாக இருந்தால் அந்த மாத்திரைப் பையிலேயே வைத்துக்கொண்டு வரலாம் என்பது என் எண்ணம்.

உடைந்துபோன போன் ஒன்றை அறிவியல் டீச்சர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் ஆய்வகத்தில் பிரித்துப் பார்க்கப் போகிறோம். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றுதான் இருக்கிறது, வைத்திருப்பவர்கள் எடுத்து வரவும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி